சிவப்பில் அடித்த மார்ச் 29

11.1.2019, வெள்ளி

பொங்கலுக்கு வெள்ளையடித்து முடிந்தது. மகள் ஸ்ரீமதியின் அறையை மட்டும் விடச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். "அங்கன எதுக்கு? யாரு இருக்கா?" என்றார். யாரும் இல்லாத அறைக்குப் பூட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது.

ஒன்றரை வருஷமாக மகளின் பெயரை வாயில் எடுப்பதில்லை. பிசியோதெரபி மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனவள், அங்கேயே டெரிக்கைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போட்டோ அனுப்பினாள். பையன் கோவாக்காரன், கிறிஸ்தவ வேதக்காரன். "எனக்குப் பிள்ளையே இல்ல" என்றார் அன்றைக்கு. அவர் சிவகாசி அச்சகத்துக்குக் கிளம்பிப் போன பிறகு நான் மட்டும் அவளோடு பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று. எழுதவே கூச்சமாக இருக்கிறது. விடிகாலையில் அந்த அறையிலிருந்து தாள் கிழிக்கும் சத்தம் கேட்கிறது. ஸ்ரீமதிக்குச் சின்ன வயதிலிருந்தே எழுந்ததும் முதல் வேலை தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது. வேறு யாராவது கிழித்துவிட்டால் வீடே ரெண்டுபடும். காலண்டர் அடிக்கிறவர் வீட்டுப் பிள்ளை அல்லவா. ஒரே இழுப்பில் கிழிப்பாள். அதே சத்தம்தான். அவர் அந்நேரம் நடக்கக் கிளம்பிப் போயிருப்பார். வீட்டில் நான் ஒருத்திதான்.

வேலைக்கு வரும் முத்துமாரியம்மாளிடம் கேட்டேன். "நான் அந்தப் பக்கம் போறதே இல்லக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

16.1.2019, புதன்

மாட்டுப் பொங்கல். என் தம்பி காமராஜ் ஆமத்தூரிலிருந்து வந்திருந்தான். அவனுடைய பட்டாசுக் கம்பெனி கோர்ட்டு உத்தரவு வந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. பேச ஆள் தேடி அலைகிறான்.

ராத்திரி இங்கிலாந்துப் பார்லிமெண்டில் ஓட்டெடுப்பாம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக அந்த நாட்டுப் பிரதமரம்மா போட்டு வந்த ஒப்பந்தத்தை இருநூற்று முப்பது ஓட்டில் தோற்கடித்துவிட்டார்கள். காலையில் பல் துலக்குமுன் டிவியைப் போட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விருதுநகரில் இதற்காகக் காப்பியை ஆறவிட்ட ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

"ஏன் அத்தான், சனங்ககிட்டக் கேட்டாச்சு, அவுகளும் போவோம்னு சொல்லியாச்சு. அத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான? ரெண்டு வருசமா வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்கானுக" என்றான் காமராஜ்.

"பாதிக்குப் பாதி வேண்டாம்னுல்ல சொல்லிருக்காக" என்றேன் நான்.

"ஒரு ஓட்டு கூடுனாலும் கூடுனதுதான். போகணும்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

அவருடைய கணக்கு எனக்குத் தெரியாதா? கோவா போர்ச்சுக்கல்காரன் கையில் இருந்த காலத்தில் டெரிக்கின் தாத்தா அங்கே பிறந்தவர். அந்த வழியில் டெரிக்குக்குப் போர்ச்சுக்கல் பாஸ்போர்ட். போர்ச்சுக்கல் ஒன்றியத்தில் இருக்கிறது, இங்கிலாந்தும் இருக்கிறது, அதனால் அவன் அங்கே இருக்கலாம். அவன் இருப்பதால் இவள் இருக்கலாம். இங்கிலாந்து விலகிவிட்டால்? அவனைப் போகச் சொல்வார்கள், இவள் இங்கே வந்துதானே ஆக வேண்டும். ஒரு தேசமே எழுந்து வெளியே போக வேண்டுமாம், மகளை வாசலில் பார்ப்பதற்கு. கூப்பிட மட்டும் மாட்டார்.

14.3.2019, வியாழன்

ஒப்பந்தம் மறுபடி தோற்றுவிட்டது. ஒப்பந்தமும் வேண்டாமாம், ஒப்பந்தமில்லாமல் போவதும் வேண்டாமாம், இருப்பதும் வேண்டாமாம். பின்னே என்னதான் வேண்டும் அவர்களுக்கு?

இந்த வீட்டிலும் அதுதான் நடக்கிறது. பிள்ளையே இல்லையென்று சொன்னவர், பாஸ்போர்ட்டைப் பற்றி எந்தப் பேப்பரில் வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

விடிகாலைச் சத்தம் நிற்கவில்லை. உயிரோடிருக்கிறவர்களின் சத்தம் ஆளில்லாத இடத்தில் கேட்டால் ஆகாது என்பார்கள். பராசக்தி மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

24.3.2019, ஞாயிறு

இன்று ஸ்ரீமதி பேசினாள். பேசினாள் என்றா சொல்வது. அழுதாள்.

லண்டனில் நம் ஆள் ஒருவருடைய மளிகைக் கடை. வருஷா வருஷம் லண்டன் நேரத்துக்கு ராகுகாலம், எமகண்டம் போட்டு இவர்தான் அவர்களுக்குக் காலண்டர் அடித்து அனுப்புகிறார். நேற்று லண்டனில் லட்சக்கணக்கில் கூட்டமாம், மறுபடி ஓட்டு வையுங்கள் என்று ஊர்வலம். இவளும் டெரிக்கும் அதற்குப் போய்விட்டுத் திரும்பும்போது கறிவேப்பிலை வாங்க அந்தக் கடையில் ஏறியிருக்கிறார்கள். காலண்டரைப் பார்த்ததும் பழக்கதோஷம், தாளைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். மார்ச் 29. தேதி சிவப்பில். கீழே: "பிரிட்டன் விலகும் நாள் – அரசு விடுமுறை."

"நாங்க எங்க போவோம்னு தெரியாம நிக்கோம். எங்கப்பா அதுக்கு லீவு விட்டுருக்காரும்மா. தீவாளி மாதிரி செவப்புல அடிச்சுருக்காரு."

"வேணும்னு செஞ்சிருக்க மாட்டாகடி" என்றேன். எனக்கே அது வாயில் ஒட்டவில்லை.

"அவருக்கு என்னையத் தெரியாதாம்மா? புரூஃப்ல ஒரு புள்ளி பெசகுனாக் கண்டுபிடிக்கிறவருக்கு?"

வைத்துவிட்டாள். கொஞ்ச நாளைக்குப் பேச வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் இவரிடம் கேட்டேவிட்டேன். மறைத்துப் பேசிய குட்டும் உடைந்தது, உடையட்டும். என்னை முறைக்கக்கூட இல்லை. "சட்டம் போட்டுத் தேதி குறிச்சிருந்தான். இம்புட்டுப் பெரிய நாளுக்கு லீவு விடாமயா இருப்பான்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அவ பாத்தாளா?" என்றார்.

அவ. ஒன்றே முக்கால் வருஷத்தில் முதல் தடவை.

30.3.2019, சனி

நேற்றுத்தான் அந்த நாள். மூன்றாவது தடவையும் தோற்றார்கள். யாரும் எங்கேயும் போகவில்லை.

இன்று விடிகாலையில் சத்தம் வரவில்லை. வராமலிருந்தது இன்னும் பயமாக இருந்தது. எழுந்து போனேன். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இவர், நடக்கப் போகிற செருப்போடு, நேற்றைய தாளைக் கிழிக்காமல் கையில் பிடித்தபடி நிற்கிறார்.

இவர்தானா? இத்தனை நாளும் இவர்தானா!

கத்தியிருப்பேன். ஆனால் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். நம் ஊர்க் காலண்டர் இல்லை அது. லண்டன் கடைக் காலண்டர், லண்டன் ராகுகாலம். தினமும் அவள் அறையில் அவள் ஊர் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கப் போயிருக்கிறார்.

"தப்பா அடிச்சுட்டேன் பொன்னு" என்றார் என்னிடம்.

நான் காப்பி போடப் போய்விட்டேன். அடுப்பங்கரையில் நின்று அழுதேன். பேய் என்று நினைத்தது இந்த மனுஷனை.

12.4.2019, வெள்ளி

அக்டோபர் 31 வரை தள்ளிப் போட்டுவிட்டார்களாம். ஸ்ரீமதி இன்னும் பேசவில்லை.

3.8.2019, சனி

ஆடிப்பெருக்கு. அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பத்துக்கு அச்சகத்தில் பூசை. லண்டன் கடைக்காரர் போனில், "அண்ணாச்சி, அக்டோபர் 31ல ஏதும் போட்டுறாதீங்க. போன தடவை ஒருத்தன் உங்க காலண்டரைப் பாத்து வேலைக்குப் போகாம இருந்துட்டான்" என்று சிரித்தாராம். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. இனி நடந்து முடிந்ததை மட்டும் சிவப்பில் அடிப்போம் என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறார். நடந்து முடிந்ததை எந்தக் காலண்டரில் அடிப்பார்?

ஸ்ரீமதி இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறாள். அப்பாவைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் அறையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்வது அவர் பாடு.

29.10.2019, செவ்வாய்

தீபாவளி முடிந்து தெருவெல்லாம் வெடித்த பட்டாசுத் தாள். காமராஜுக்கு இந்த சீசன் பரவாயில்லை. இங்கிலாந்து விலகுவதை ஜனவரி 31 என்று மறுபடி தள்ளிவைத்திருக்கிறார்கள். "இப்பிடித் தள்ளித் தள்ளிப் போட்டா, போறவன் செத்த பெறகா போவான்?" என்றான் காமராஜ். பட்டாசுக்காரன் வாயில் அந்தச் சொல் வேண்டாமென்று சத்தம் போட்டேன்.

ஸ்ரீமதிக்கும் டெரிக்குக்கும் அங்கேயே இருக்க அனுமதி வந்துவிட்டது. நாடு விலகினாலும் விலகாவிட்டாலும் செல்லுமாம். இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். தேன்குழலைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். இத்தனை நாள் காத்திருந்தது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

1.2.2020, சனி

விலகிவிட்டார்கள். டிவியில் கொடியை இறக்கினார்கள். ஒரு பக்கம் ஆட்டம், ஒரு பக்கம் அழுகை.

அவர் வழக்கமான நேரத்துக்கு அந்த அறைக்குப் போய்த் தாளைக் கிழித்தார். இப்போது நான் வாசலில் நிற்பதை ஒளிப்பதில்லை.

"போயிட்டானுக. இவ வரலையே பொன்னு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அவ வர்றதுக்கு எந்த நாடும் எங்கயும் போக வேண்டாம். நீங்க வான்னு சொன்னாப் போதும். மூணு வருசமா அந்த ஒரு வார்த்தைய வாய்க்குள்ள வச்சுக்கிட்டு ஊரான் பார்லிமெண்டப் பாத்துக்கிட்டு இருக்கீக!"

கட்டிலில் உட்கார்ந்தார். அவளுடைய கட்டில். 

9.2.2020, ஞாயிறு

மகளைப் போனில் கூப்பிட்டுவிட்டார். "பங்குனிப் பொங்கலுக்கு வர்றியாத்தா?" என்றார். அவ்வளவுதான். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவரும் வருவாரு" என்றாள். "அவர விட்டுட்டு நீ மட்டும் எப்பிடி வருவ?" என்றார் இவர்.

சாயங்காலமே டிக்கெட் போட்டுவிட்டாள். மார்ச் 29 வந்து இறங்குகிறார்கள். "அப்பா லீவு விட்ட தேதிக்கே வர்றோம்னு சொல்லும்மா" என்று சிரிக்கிறாள் கழுதை. புரூஃப் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். காலண்டரில் அந்தத் தேதிக்கு வட்டம் போட்டிருக்கிறார். அறைக்கு வெள்ளையடிக்க நாளைக்கு ஆள் வருகிறது.

17.3.2020, செவ்வாய்

இங்கிலாந்திலிருந்து யாரும் வரக்கூடாதென்று அரசு சொல்லிவிட்டது. நாளையிலிருந்து. அந்த நோய்க்காக.

அவர் டிவியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். வேறு சேனலில் வேறு மாதிரி சொல்வார்களோ என்று.

29.3.2020, ஞாயிறு

ஊரே அடங்கிக் கிடக்கிறது. மாரியம்மனுக்கு எடுக்கும் பங்குனிப் பொங்கலும் இல்லை. அக்னிச்சட்டி இல்லாத பங்குனியை நான் பார்த்ததில்லை.

6.4.2020, திங்கள்

ஸ்ரீமதிக்கு நாலு நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கிற வேலை, வராமல் என்ன செய்யும். மாடி அறையில் தனியாகக் கிடக்கிறாள். டெரிக் சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருகிறான். பேச முடியவில்லை அவளால், இருமல். டெரிக்தான் பேசினான். அவனுடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. அழுதது முழுக்கப் புரிந்தது.

இவர் போனை வாங்கினார். டெரிக்கோடு பேசியதே கிடையாது. காலண்டர் ஆர்டர் பேசிப் பழகிய இங்கிலீஷில் ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்தார். அது அறுந்துபோனது. அப்புறம் தமிழிலேயே சொன்னார்:

"மாப்ள, அவள அங்கனயே வச்சுக்கோங்க. எங்கயும் விட்றாதீக. உங்ககூடயே இருக்கட்டும்."

அவனுக்கு என்ன புரிந்ததோ, "சரி மாமா, சரி மாமா" என்றான். ஸ்ரீமதி சொல்லிக்கொடுத்திருப்பாள் போல. போனை வைத்த பிறகும் இவர் "அங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

12.4.2020, ஞாயிறு

காய்ச்சல் நேற்றுக் குறைந்தது, இன்று மறுபடி ஏறியிருக்கிறது. டெரிக் ரெண்டு தடவை கூப்பிட்டான்.

அறைக்குப் போனேன். புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. காலண்டரில் மார்ச் 29, சிவப்பு வட்டத்தோடு. அன்றைக்குப் பிறகு அவர் கிழிக்கவே இல்லை. "கிழிச்சா வேற தேதியாயிரும்" என்கிறார். அவள் வந்து கிழிக்கட்டுமாம்.

அந்தச் சத்தத்துக்குப் பயந்து சாமிக்குக் காசு முடிந்தவள் நான். இப்போது விடிகாலையில் விழித்துக்கொண்டு, அது கேட்காதா என்று படுத்துக் கிடக்கிறேன். பக்கத்தில் அவரும் தூங்கவில்லை.