வலை தைத்த கை என்று நினைத்தோம்

என் நெஞ்சை விட்டுப் போகாத றோசலின்,

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கழுத்தில் உனக்கு இருந்த அதே இடத்தில் அவளுக்கும் ஒரு தையல். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரியே இருக்கிறன், என்ன அப்பா?" என்று கேட்டாள். நான் முற்றத்துக்குப் போய் நின்று அழுதேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

உன்னைப் போல டிலானிக்கும் கழுத்தில் கழலை வந்தது. வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். "வெட்டினதாலதானே அம்மா செத்தவா, நான் மாட்டன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியும். சோறு விழுங்கவே கஷ்டப்பட்ட பிறகுதான் சம்மதித்தாள்.

உனக்கு வெட்டிய அந்த நாட்களை எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன்! கழுத்துக் காயம் ஆறியதும் ஆஸ்பத்திரியில் தந்த சுண்ணாம்புச் சத்துக் குளிசையை நிறுத்திவிட்டாய். "காயம் ஆறத்தானே தந்தவை, அது ஆறிட்டுது" என்றாய். எங்கள் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பிறகு வாயைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாய். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது.

எங்கள் கரையில் அதற்கு ஒரே விளக்கம்தானே? வலை தைக்கிற கை பிடித்துக்கொள்ளும், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தினால் விடும். பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா உப்பு வறுத்துத் தந்தார். நான் ஒத்தடம் கொடுத்தேன். "வலைக்கும் என்னை விட மனமில்லை, உங்களைப் போலத்தான்" என்று சிரித்தாய்.

ஒரு நாள் காலையில் வலையின் முன்னாலேயே உனக்கு வலிப்பு வந்தது. ஓட்டோவில் என் மடியில் கிடந்தாய். ஆஸ்பத்திரி வாசல் வரை உன் மூச்சுத் தாங்கவில்லை. "ஒழுங்கா குளிசை போட்டவாவோ?" என்று டொக்டர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உன் உடம்பில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

இத்தனை காலமும் என்னை அரித்தது ஒன்றுதான். சின்ன மீனை முள்ளோடு சப்பித் தின்கிறவள் நீ. உனக்கு எப்படிச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது?

டிலானியை வவுனியாவுக்குக் கூட்டிப்போனபோது, பஸ் ஒட்டுசுட்டான் தாண்டும் வரை அவள் என் கையை விடவில்லை. அங்கே சின்ன வயதுப் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். அவரிடம் இதைக் கேட்டுவிட்டேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

கழலை வருகிற கழுத்துச் சுரப்பிக்குப் பின்னால் நெல்மணி அளவில் நாலு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் கொஞ்சம் குறைந்தாலும் அவை கண்டுபிடித்துவிடுமாம். எலும்பிலிருந்து எடு, சிறுநீரில் வீணாக்காதே, சாப்பாட்டிலிருந்து கூடுதலாக உறிஞ்சு என்று உடம்புக்குச் சொல்வது அவைதானாம். அந்தச் சத்து இறங்கினால் நரம்பு துடிக்கும், தசை இறுகும், இதயமும் தடுமாறும். எவ்வளவு கவனமாகக் கழலையை வெட்டினாலும் அந்த நாலும் சில வேளை அடிபட்டுவிடுமாம்.

"அப்ப அவாவின்ர எலும்பில சுண்ணாம்பு இருக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"நிறைய இருந்திருக்கும் ஐயா. எடுத்துக் குடு எண்டு சொல்லத்தான் ஆளில்லை."

றோசலின், உடம்பு நிறைய வைத்துக்கொண்டா நீ இல்லாமல் போனாய்?

வெட்டி இரண்டாம் நாள். தேத்தண்ணி வாங்க நீட்டிய டிலானியின் கை பாதியில் நின்றது. விரல்கள் ஒட்டின. பெருவிரல் உள்ளே மடங்கியது. "ஒண்டுமில்லை அப்பா, போன கிழமை முழுக்க வலை தைச்சனான், அதுதான்" என்றாள். உன் குரல், உன் சொல். தேத்தண்ணியை அப்படியே போட்டுவிட்டு, "மிஸி, என்ர பிள்ளைக்குச் சுண்ணாம்பு இறங்குது, ஓடி வாங்கோ!" என்று தாதியைப் பார்த்துக் கத்தினேன். வாட்டே திரும்பிப் பார்த்தது.

ஊசிமருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் பெருவிரல் விலகியது, பிறகு மற்ற விரல்களும். உன் கையும் இப்படித் திறந்திருக்கும், இல்லையா? மகள் பிழைத்த சந்தோஷமும் நீ பிழைத்திருக்கலாம் என்ற துக்கமும் ஒன்றாக வந்தன. எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சுரப்பிகள் திரும்ப வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். இரத்தம் சோதித்துச் சொல்லும் வரை குளிசையை விடக்கூடாதாம். இன்று காலை அவள் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, "காயம் ஆறிட்டுதே அப்பா" என்றாள். நான் தண்ணீரை நீட்டினேன். அவள் விழுங்கும் வரை நின்றேன்.

உனக்கு வாக்குத் தருகிறேன். இனி இந்தக் கரையில் எந்தப் பெண்ணின் கை மடங்கினாலும், உப்பு வறுக்கப் போகுமுன் அவள் கழுத்தைப் பார்ப்பேன்.

டிலானியின் அப்பா,
உன் அந்தோனி