ஏரித் தண்ணீரில் நின்று உங்கள் பெயரைச் சொல்ல வேண்டுமாம்

என் செல்ல அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். நான் போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் போதாததால் எழுத்து கோணலாக வருகிறது, திட்டாதீர்கள். உங்களோடு தமிழில்தான் பேசிப் பழக்கம். அதனால் பயத்தையும் தமிழில்தான் சொல்ல வருகிறது.

நவீன் அண்ணா நீங்கள் படித்த காலேஜிலேயே படிக்கிறான். நீங்கள் தொடங்கிய ஃப்ரெடர்னிட்டி என்ற மாணவர் சங்கத்திலும் சேரப்போகிறான். அம்மா கோயிலில், கடையில், பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சங்கத்தின் பெயரைக் கிரேக்க எழுத்தில் போட்ட உங்கள் பழைய ஸ்வெட்ஷர்ட்டைத் துவைத்து அவனுக்குக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவன் மாடியிலிருந்து இறங்கியபோது அம்மா சிரித்துக்கொண்டே மாலை போட்ட உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தச் சங்கம் பிறந்த கதையை எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! குளிர்கால லீவில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட, போக இடமில்லாத ஜோசப் அங்கிள் ஹாஸ்டல் அறையில் காய்ச்சலோடு கிடந்தார். நீங்கள் எதற்கோ போய்க் கதவைத் தட்டியதால்தான் பிழைத்தார். அதற்குப் பிறகு நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து அந்தச் சங்கத்தைத் தொடங்கினீர்கள். நம்மில் ஒருவனும் தனியாகக் கிடக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. "அது கிளப் இல்லடா, குடும்பம்" என்பீர்கள்.

அந்தக் குடும்பத்தில் இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியுமா அப்பா?

ஞாயிற்றுக்கிழமை அண்ணா துணி துவைக்க வீட்டுக்கு வந்தான். ட்ரையர் சத்தத்துக்கு நடுவே எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தான். சங்கத்தின் சரித்திரம். தொடங்கிய ஐந்து பேரின் பெயர்கள், பிறகு அந்த முதல் விதி. நான்கு பெயர்கள் கடகடவென்று வந்தன. ஐந்தாவது உங்கள் பெயர். அங்கே நின்றுவிட்டான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான், மறுபடி அங்கேயே நின்றான். நான் உள்ளே போனேன். ஷார்ட்ஸுக்குக் கீழே முட்டி இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"முட்டியில என்ன?"

"பாஸ்கெட்பால்."

"பொய். நீ லாஸ்ட்டா ஆடினது சிக்ஸ்த் கிரேடுல."

சிரித்துவிட்டான். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். ஒருவன் தப்பாக ஒப்பித்தாலும் புதிதாகச் சேர வந்த எல்லோரையும் சரளைக் கல்லில் முட்டி போட வைப்பார்களாம். "ஃபவுண்டரோட பையனுக்கே அப்பா பேரு தெரியலையான்னு கலாய்க்கிறாங்க, யாழி. தெரியாம இல்ல. தொண்டைல மாட்டிக்குது."

வெள்ளிக்கிழமை ராத்திரி கடைசிச் சோதனை. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஏரித் தண்ணீரில் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு தப்புக்கும் ஓரடி உள்ளே போக வேண்டும்.

"உனக்கு நீச்சலே தெரியாதேடா!"

"கத்தாத! அம்மாகிட்ட சொன்னேன்னு வெச்சுக்கோ, லைஃப்ல உன்கூட பேச மாட்டேன். சீரியஸா. அம்மா மூஞ்சிய பாத்தல்ல?"

கம்யூனிட்டி பூலில் நீங்கள் கையைப் பிடித்து இழுத்தும் சுவரை விடாதவன் அப்பா அவன்.

நேற்றுக் கோயில் பார்க்கிங்கில் பாலா அங்கிளைப் பார்த்தேன். உங்கள் ஐந்து பேரில் ஒருவர், அவர் ஒரு போன் போட்டால் நின்றுவிடும் என்று நினைத்தேன். அம்மா செருப்பு போட்டுக்கொண்டு வருவதற்குள் மெதுவாகக் கேட்டேன்.

"அங்கிள், அந்த ஏரி விஷயம்..."

"ஏய், உனக்கு யாரு சொன்னா? சீக்ரெட்டாச்சே அது!" என்று பெரிதாகச் சிரித்தார். "ஏரி உங்கப்பா ஐடியாதான்மா. எங்கள்லயே அவன்தான் ஸ்ட்ரிக்ட்டு. ஆனா அப்போ முழங்கால் தண்ணிதான். இப்போ இருக்கிற பசங்க கொஞ்சம் ஓவராத்தான் போறாங்க. ஒண்ணும் ஆகாதும்மா, போய்ப் படி."

காரில் வரும்போது அம்மா என்னவோ கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நீங்களா அப்பா? காய்ச்சலில் கிடந்தவரின் கதவைத் தட்டிய நீங்களா? யாராவது நடுங்கிக்கொண்டு நின்றபோது நீங்கள் கரையில் நின்று சிரித்தீர்களா? முழங்காலோடு நிற்கும் என்று எப்படி நம்பினீர்கள்?

மேப்பில் அந்த ஏரியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலமாகத் தெரிகிறது. எங்கே ஆழம் என்று தெரியவில்லை. போகாதே என்று அண்ணாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். தம்ஸ்-அப் மட்டும் வந்தது. இருட்டில் அவன் நான்கு பெயர்களைச் சொல்லிவிட்டு ஐந்தாவதில் நிற்பதுதான் கண்ணை மூடினால் தெரிகிறது. ஓரடி. இன்னும் ஓரடி. சொல்ல முடியாமல் போவது உங்கள் மேல் உள்ள பாசத்தால் என்று கரையில் நிற்பவர்களுக்கு யார் சொல்வது?

நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

அம்மாவிடம் சொன்னால் அந்த ஸ்வெட்ஷர்ட்டைப் பார்த்து அவளுக்கு வந்த சந்தோஷம் போய்விடும். உங்களைப் பற்றி அவள் நினைத்திருப்பதும் உடையும். அதுவும் பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இருக்கிறது அப்பா, கொஞ்சம்.

ஆனாலும் ஒன்று சத்தியம் செய்கிறேன். காலையில் அம்மா காப்பி போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஏரி உங்கள் யோசனை என்பதையும் மறைக்க மாட்டேன். அவளை வண்டியில் ஏற்றி, இருட்டுவதற்குள் காலேஜுக்குப் போய் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வருவோம். அவன் வழியெல்லாம் என்னைத் திட்டுவான். அப்புறம் என்னோடு பேசாமலே இருப்பான். இருக்கட்டும். என்னோடு பேசாத அண்ணன் பக்கத்து அறையில் இருந்தால் எனக்குப் போதும்.

உங்கள் பெண்,
நவீனுக்கு ஒரே தங்கை,
யாழினி