நீல வண்டிக்கு நான் எழுதிய அறிக்கை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் அடிபட்ட வண்டிகள் மூன்று. மூன்றும் தேறாது என்று எழுதிவிட்டு வந்தேன். இன்ஷூரன்ஸ் சர்வேயராகப் பதினேழு வருஷம். நசுங்கிய கதவைப் பார்த்தால் கை தானாக எழுதுகிறது. மனசுக்கு அதில் வேலையே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டேனா என்பதைக் கழுவிய தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

ரிட்டையர் ஆன கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருவர் பழைய நீலக் காரை விற்கிறாராம். மெக்கானிக் சொன்னான். கணவர் போனபின் ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டிலேயே நிற்கிறதாம். எனக்கெதுக்கு கார்?

மார்ச் 9, ஞாயிறு

மகள் குட்டியைப் பார்க்கப் போனேன். அவள் அம்மாவும் நானும் பிரிந்து பதினோரு மாசம். கதவைத் திறந்துவிட்டு அவள் அம்மா உள்ளே போய்விட்டாள். இப்போது சண்டைகூட இல்லை.

பஸ் போய்ச் சேர மணி ஒன்று. திரும்பக் கடைசி பஸ் நாலரைக்கு. ஒரு கேரம் ஆட்டம் பாதியில் இருக்கும்போதே கிளம்பினேன். குட்டி காய்களைப் பெட்டியில் போட்டாள். பஸ்ஸில் அழுகை வருமா என்று பார்த்தேன். ம்ஹும்.

கார் இருந்தால் இருட்டும்வரை இருக்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தான். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, கிளட்ச் மாத்தணும், பிரேக் பாக்கணும், அடியில கொஞ்சம் துரு, பத்து நாள் குடுத்தா ஓட்டிரலாம் என்றான். டீச்சர் கேட்ட விலையும் நியாயம்தான்.

சரி என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் பையிலிருந்து ஆபீஸ் சர்வே படிவத்தை எடுத்துவிட்டேன். விலை இறங்கட்டுமே என்று துருவை ‘அடிச்சட்டம் அரிப்பு’ என்றும், பிரேக்கை ‘உயிருக்கு ஆபத்து’ என்றும் எழுதி, கையெழுத்து வேறு. டீச்சர் கண்ணாடி போட்டு வரி வரியாகப் படித்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் மெக்கானிக், “ஏண்ணே, பேரம் பேச வாய் போதாதா?” என்றான்.

மார்ச் 13, வியாழன்

டீச்சர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பெரிய கெத்து.

குட்டியிடம் போனில் கார் வாங்கப்போவதை உளறிவிட்டேன். நிஜமாவா, நிஜமாவா என்று நாலு தடவை கேட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

கேட்ட விலைக்கே வாங்கிவிடலாம் என்று போனேன். ஷெட் காலி. காலையில் பழைய இரும்புக்காரர் இழுத்துப் போய்விட்டாராம். நடுவில் ஒரு குடும்பம் முழு விலைக்குக் கேட்டும் டீச்சர் கொடுக்கவில்லையாம்.

“நீங்க உள்ளதைச் சொல்லலேன்னா, யாரோ பெத்த பிள்ளைய அதுல ஏத்தி விட்டிருப்பேன் தம்பி. நல்லா இருப்பீங்க.”

பரவாயில்லை டீச்சர்னு சொல்லிட்டு வந்தேன். வேற என்ன சொல்ல? அடப்பாவி, ஓடுற வண்டிய எழுதியே கொன்னுட்டியே — உன் பொண்ணுக்கு என்னடா சொல்வ?

மார்ச் 15, சனி

ஒன்றுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

குட்டி தெருமுனையில் சிநேகிதியோடு நின்றிருந்தாள். நான் நடந்து வருவதைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் தெருவையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு சிநேகிதியிடம், முகம் மாறாமல், “எங்கப்பா கார் ரிப்பேர்ல இருக்கு. அதான் பஸ்ல வந்துட்டாரு” என்றாள்.

ஒன்பது வயசு. என்னைவிடச் சுத்தமாகச் சொன்னாள்.

படியேறும்போதே எனக்குத் தாங்கவில்லை. பிள்ளை முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். நாலரை ஆனது. எழுந்திருக்கவில்லை. அவள் அம்மா வந்து நின்று, காலையில் முதல் பஸ் ஐந்தரைக்கு என்று மட்டும் சொன்னாள்.

இதை அவர்கள் ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே குட்டி எனக்குத் தலையணை தேடுகிறாள்.