ஒழுகியும் குறையாத ஒயில்

1992 ஆகஸ்ட் 18, செவ்வாய்

சோளகக் காற்று. கண்ணெல்லாம் செம்மண். காலையில் காரைப் பின்னுக்கு எடுத்தபோது அது நின்ற இடத்தில் ஒரு கறுப்பு வட்டம், அப்பளம் அளவு. நேற்று வடை அளவுதான் இருந்தது.

வேலைகள்:
- பந்தல்காரனுக்கு நினைவூட்டல்
- வதனியின் கூறைச் சேலைக்குச் சட்டை, தையல்காரி
- ஒயில் ஒழுக்கு
- தலைமயிர் வெட்டல் (எனக்கு)

மகள் வதனியின் கலியாணத்துக்கு இன்னும் பதினேழு நாள். மாப்பிள்ளையை நெல்லியடிக்குப் போய் உரும்பிராய்க்கு அழைத்து வருவது பெண் வீட்டார் கடமை. என்னுடைய காரிலேயே அழைப்பேன் என்று சம்பந்தியிடம் வாய்விட்டுவிட்டேன். சம்பந்தி ஓய்வுபெற்ற ரயில் ஸ்ரேசன் மாஸ்ரர். எதற்கும் பெட்டி பூட்டிய ஒரு உழவு மெசினும் சொல்லி வைப்போமா என்று பணிவாகக் கேட்டார். தேவையில்லை என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், வீட்டுக்குள் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கார் வாங்கி இருபத்தாறு வருடம். வதனிக்கு ஒரு வயது மூத்தது. பரமேஸ் அதை "உங்கடை மூத்த பிள்ளை" என்பாள். வதனியைப் பெற்றவள், சொல்ல உரிமை உண்டு.

19, புதன்

தபால் கந்தோரில் மூன்று கடிதம், ஒரு மணியோடர். பத்து மணிக்கே வேலை முடிந்தது.

அதிசயம் ஒன்று. எஞ்சினில் ஒயில் மட்டம் பார்க்கிற கோலை இழுத்துப் பார்த்தேன். குறையவில்லை! மேல் கோட்டுக்கும் மேலே நிற்கிறது. இரண்டு தரம் துடைத்து இரண்டு தரம் விட்டுப் பார்த்தேன். ஒழுகுகிறது, ஆனால் குறையவில்லை. பழைய காலத்துச் சாமான் என்றால் சும்மாவா.

எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்க ஒரு வழி. தந்தி போகாத ஊரில் தந்திப் படிவம் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. பன்னிரண்டை எடுத்து வந்து காருக்குக் கீழே வரிசையாக விரித்துக் கல் வைத்தேன். அரச உடைமைதான். பின்பக்கத்தை மட்டும் பாவித்தேன்.

20, வியாழன்

படிவங்கள் முன்வரிசை சுத்தம். நடுவரிசையில் மூன்று பெரிய சொட்டு, எஞ்சினின் பின்பக்கத்துக்கு நேர் கீழே. பென்சிலால் வட்டம் போட்டுத் தேதி எழுதினேன்.

வேலியால் எட்டிப் பார்த்தவர்களின் வைத்தியம்:
- பக்கத்து வீடு: ஆணியெல்லாம் இறுக்கு.
- முன் வீடு: ஆணியெல்லாம் கொஞ்சம் தளர்த்து.
- பால்காரர்: கண்ணூறு. செத்தல் மிளகாய் சுற்றிப்போடு.
- மீன் சைக்கிள்காரர்: சவர்க்காரம் அப்பு.

கடைசி வைத்தியம் நியாயமாகப் பட்டது. வீட்டில் இருந்த ஒரே சவர்க்காரக் கட்டியில் பாதியைக் குழைத்து அப்பினேன். பின்னேரம் பரமேஸ் கிணற்றடியிலிருந்து சவர்க்காரம் எங்கே என்று கேட்டபோது மீதிப் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சவர்க்காரம் கிடைக்காத காலத்தில் நான் செய்தது பிழைதான். ஒழுக்கும் நிற்கவில்லை. நிலத்தில் நுரையோடு விழுகிறது.

23, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கல். நாங்கள் ஒன்பது பேர் ஒரே காரில். முறைப்படி மணப்பெண் வரக்கூடாது, வதனி வீட்டில் நின்றாள். ஆனால் புறப்பட முன் காரை ஸ்ரார்ட் பண்ணித் தந்தவள் அவள்தான்.

பெற்றோல் தடைப்பட்ட நாள் முதல் கார் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. ஸ்ரார்ட் பண்ண மட்டும் பெற்றோல்: பொனெற்றுக்குள் தலைகீழாகக் கட்டிய ஒரு ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தல், ஒரு குழாய், ஒரு திருகு. எஞ்சின் பிடித்ததும் வதனி இருபது எண்ணித் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவாள். மெக்கானிக் யோசேப்பு இருநூறு எண்ணச் சொன்னவர். வதனியும் அதைத்தான் சொல்வாள். இருபது காணும் என்பது என் கட்டளை. இந்தப் பகுதியில் ஒரு மூடிப் பெற்றோலில் கார் எடுக்கிறவன் நான் ஒருவன்தான். மூன்று போத்தல் பெற்றோல் இன்னும் அலுமாரிக்குள், பூட்டு, சாவியை அரைஞாணில் கட்டாத குறைதான்.

நெல்லியடியில் வெள்ளை மணல் பரப்பி, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்திருந்தார்கள். காரைப் பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினேன். ஆசாரியார் பொன்னை உருக்க, எல்லாரும் அதைப் பார்க்க, நான் மட்டும் காரின் அடியைப் பார்த்தேன். அந்த வெள்ளை மணலில்! கறுப்பாக! சம்பந்தியம்மாவும் கண்டுவிட்டார். குசினிக்குப் போய் ஒரு தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்து, சேலைத் தலைப்பை ஒதுக்கிக் குனிந்து, சரியாகச் சொட்டுக்கு நேரே வைத்துவிட்டுப் போனார். ஏதாவது ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

சாப்பாடு அருமை. எனக்கு இறங்கவில்லை. இரண்டாம் முறை பாயசம் மட்டும் வாங்கினேன்.

25, செவ்வாய்

யோசேப்பு வந்தார். குருநகர்க்காரர், முன்பு கடலில் ஓடும் எஞ்சின்கள் பார்த்தவர், இப்போது சந்தியில் கராஜ். ஒரு மணித்தியாலம் காருக்குக் கீழே. காலிரண்டும் மட்டும் வெளியே தெரிந்தது, அந்தக் காலைப் பார்த்துத்தான் கதைக்க வேண்டியிருந்தது.

ஒயில் தட்டின் காஸ்கற், ஒழுகாமல் அடைக்கிற அட்டை, தேய்ந்திருக்கிறதாம். புதியது எங்கே கிடைக்கும்? பதிவுத் தபால் புத்தகத்தின் தடித்த அட்டையைக் கொடுத்தேன். அழகாக வெட்டிப் பூட்டினார். பிறகு கீழேயிருந்து ஒரு கேள்வி.

"போஸ்மாஸ்ரர், எத்தினை எண்ணித் திருப்புறியள்?"

நீங்கள் சொன்ன மாதிரித்தான் என்றேன். ஒரு கால் மற்றக் காலைச் சொறிந்தது. பிறகு வேலை தொடர்ந்தது.

வாசலில் நின்ற வதனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் சின்னதில் நான் கணக்குக் கொப்பியைப் பார்க்கிற பார்வை.

27, வியாழன்

அட்டை ஊறி உப்பிவிட்டது. ஒழுக்கு முன்பைவிட அதிகம். கோலில் மட்டம் இன்னும் ஒரு விரல் ஏறியிருக்கிறது. கந்தோருக்கு வந்த ஒருவரிடம் என் கார் ஒயில் ஊறும் கார் என்று சொன்னேன். அவர் சிரிக்காமல் போனார்.

மைம்மல் பொழுது. வராந்தாவில் இந்தக் குறிப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து பரமேஸ் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை ஒயில் எரியுது."

கார்தான் பற்றிக்கொண்டது என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். கார் சும்மா நின்றது. எரிந்தது குசினியில் ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் முழுவதையும் நான் காருக்கு ஊற்றிவிட்டதால், கிணற்றுக் கப்பிக்குப் பூச என்று தானும் காருக்குக் கீழே ஒரு சிரட்டை வைத்துச் சேர்த்த ஒழுக்கு ஒயிலை விளக்கில் விட்டுப் பார்த்திருக்கிறாள். கரும் புகை. ஆனால் எரிகிறது, நல்லாய் எரிகிறது.

"ஒயில் எண்டால் திரியிலை ஏறுமோ? உது மண்ணெண்ணெய். உங்கடை மூத்த பிள்ளை குடிச்சதை அப்பிடியே கீழை விடுறாள்."

அந்த விளக்கடியில் நின்று எல்லாம் விளங்கியது. சூடு ஏறாத எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது வழிந்து ஒயிலுக்குள் போகும். அதனால்தான் மட்டம் குறையவில்லை. அதனால்தான் ஒயில் நீர்த்துப்போய் கண்ட இடத்தாலும் ஒழுகுகிறது. இருபது எண்ணிய கெட்டித்தனம். ஒன்பது நாளாகக் கோலை இழுத்து இழுத்துப் பெருமைப்பட்டது என் சொந்த மண்ணெண்ணெயைப் பார்த்து.

வதனி வந்து விளக்கைப் பார்த்தாள். இருநூறு என்று அப்போதே சொன்னேனே என்று சொல்லாமல் விட்டது அவள் குணம். தாயிடமிருந்து வந்ததல்ல.

28, வெள்ளி

யோசேப்பிடம் உண்மையைச் சொன்னேன். அவருக்குத் தெரியுமாம். "சந்தியிலை திரும்பேக்கை புகையைப் பாத்தே பிடிச்சிட்டன்" என்றார். பிறகேன் சொல்லவில்லை என்று கேட்டேன். கலியாண வீட்டு மனிதரை நோகடிக்கக் கூடாது என்று இருந்தாராம்.

ஐந்து போத்தல் ஒயில் விட்ட இடத்திலிருந்து ஏழு போத்தல் வடிந்தது. நெருப்புக் குச்சியைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள் என்றார். ஒயில் தடிப்பாக இருந்தால் ஒழுக்கு இராது, வேறு பழுது ஒன்றும் இல்லை. ஆனால் புது ஒயில்?

சந்தி: இல்லை. சுன்னாகம்: இல்லை. யாழ்ப்பாணம்: சிரித்தார்கள். கார் வெறும் வயிற்றோடு நிற்கிறது. இன்னும் ஏழு நாள்.

பரமேஸ் யோசித்துவிட்டுச் சொன்னாள்: சம்பந்தியம்மா பொன்னுருக்கலன்று வீடு சுற்றிக் காட்டும்போது பரணில் ஒரு ஒயில் தகரம் கண்டாளாம். தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு வாங்கி வைத்ததாம், மெசின் போய்விட்டது, தகரம் இருக்கிறது.

அங்கேயா? அவரிடமா? உழவு மெசின் வேண்டாம் என்று கத்திய வாயாலா?

29, சனி

போகவில்லை. வெயில்.

30, ஞாயிறு

போனேன். சைக்கிளில், வல்லை வெளியில் காற்று முதுகில் தள்ளியும் இரண்டு இடத்தில் இறங்கி உருட்டினேன். வழி நெடுக ஒரு பொய்யைச் சோடித்துக்கொண்டு போனேன்: உறவினர் ஒருவருக்கு, அவசரம், மெசின். வாசலில் சம்பந்தியைக் கண்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. இருபது, இருநூறு, சிரட்டை, விளக்கு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லும்போது மூச்சும் வாங்கியது.

அவர் என்னை முற்றத்துக்குக் கூட்டிப்போய் அந்தக் கறையைக் காட்டினார்.

"நீங்கள் நிப்பாட்டின நாள் துவக்கம் உதிலை ஒரு எறும்பு வரேல்லை. ஒயிலுக்கு எறும்பு பயப்பிடாது. மண்ணெண்ணெய் எண்டு அண்டைக்கே விளங்கிப்போச்சு."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எறும்புக்கும் தெரிந்திருக்கிறது.

தகரத்தைத் தானே பரணில் ஏறி எடுத்தார். கூடவே கொப்பித் தாளில் எழுதிய ஒரு நேர அட்டவணை: உரும்பிராய் விடல் 6.10, நெல்லியடி சேரல் 7.00, நெல்லியடி விடல் 7.30, உரும்பிராய் சேரல் 8.20, முகூர்த்தம் 9.05. கீழே சின்ன எழுத்தில்: உழவு மெசின் பின்னால் வரும். ஆட்களை ஏற்ற மட்டும் என்று விளக்கம் தந்தார். நான் தலையாட்டினேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது காற்று எதிரே, தகரம் கரியரில், இருந்தும் பாரம் குறைந்த மாதிரி இருந்தது.

செப்ரெம்பர் 1, செவ்வாய்

ஒயில் விட்டாயிற்று. தேன் மாதிரி இறங்கியது. அலுமாரியைத் திறந்து முதல் போத்தல் பெற்றோல். வதனி இருநூறு எண்ணினாள். எழுபதில் என் கை திருகுக்குப் போனது, தட்டிவிட்டாள்.

தந்திப் படிவம், புதுசு, பன்னிரண்டு. இரவு முழுக்க.

2, புதன்

படிவம் பன்னிரண்டும் வெள்ளை. பரமேஸுக்குக் காட்டினேன். "நல்லது, இனித் தலைமயிரை வெட்டுங்கோ" என்றாள்.

5, சனி

நேற்றுக் கலியாணம், எழுத நேரமில்லை. இன்று எழுதுகிறேன்.

காலை 6.10க்கு விட்டு 6.58க்குச் சேர்ந்தோம். சம்பந்தி வாசலில் மணிக்கூட்டோடு. முற்றத்தில் நான் நிறுத்தவேண்டிய இடத்தில் சிரட்டை தயாராக இருந்தது. கழுவி, நிமிர்த்தி. அரை மணித்தியாலம் கழித்து அதைத் தூக்கி எல்லாரும் பார்க்கத் திருப்பிக் காட்டினேன். ஒரு சொட்டு இல்லை. சம்பந்தியம்மா முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிடம் முந்தி வந்து சேர்ந்தார். தாலி கட்டும்போது மேலே ஒரு விமான இரைச்சல், எல்லாரும் முகட்டைப் பார்த்தோம், போய்விட்டது. மேளம் நிற்கவில்லை.

பின்னேரம் பொம்பிளை மாப்பிள்ளை இருவரையும் நெல்லியடிக்குக் கூட்டிப்போனேன். வல்லை முனியப்பர் கோயிலடியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினோம். காற்றில் கற்பூரம் பற்ற எவ்வளவு நேரம். திரும்பி வந்தால் எஞ்சின் ஆறிப்போயிற்று. நான் பொனெற்றைத் திறந்து வைத்து, சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி வந்து எண்ணினேன். மனம் எங்கேயோ. கை பழைய பழக்கத்தில் இருபதில் திருகைத் திருப்பிவிட்டது. புகைத்து, இருமி, நின்றது. பின்னால் உழவு மெசினில் மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் முப்பது பேர், சம்பந்தி உட்பட.

பின்கதவு திறந்தது. கூறைச் சேலையை முழங்கைக்குள் இடுக்கிக்கொண்டு, நகை எல்லாம் குலுங்க, வதனி வந்தாள்.

"அப்பா, தள்ளி நில்லுங்கோ."

நான் போய்ச் சாவியைத் திருப்ப எஞ்சின் பிடித்தது. திருகில் கை வைத்து, எனக்குக் கேட்கச் சத்தமாக எண்ணத் தொடங்கினாள். ஐம்பதில் மாப்பிள்ளை இறங்கிவந்து பக்கத்தில் நின்றார். நூறிலிருந்து அவரும் சேர்ந்து எண்ணினார். நூற்றைம்பதுக்குமேல் உழவு மெசின் முழுக்க எண்ணியது. சம்பந்தி மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார், ஆனால் வாய் அசைந்தது.

எனக்கு ஒரு விசர் எண்ணம். இருநூறு மிகக் கெதியாய் வருகிறது என்று பட்டது. யோசேப்பு ஐந்நூறு என்று சொல்லியிருக்கலாம்.

இருநூறில் திருப்பினாள். விரலில் பட்ட பெற்றோலைத் துடைக்க இடம் தேடினாள், கூறையில் துடைக்க முடியாது. என் சால்வையைக் கொடுத்தேன்.

தனியே திரும்பி வந்தேன். அழுதேன், காற்றால் அல்ல.

7, திங்கள்

காற்று அடங்கியிருக்கிறது. கந்தோர் லீவு. நாளைக்குப் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு அழைத்துவர வேண்டும், அதனால் காரை ஒருக்கா எடுத்துப் பார்க்க எண்ணினேன். திருகுப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. நான் கேட்கவில்லை. பரமேஸ் கையைத் துடைத்துக்கொண்டு தானே வந்து நின்றாள்.

எண்பத்தாறில் எதையோ நினைத்து அவளுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு ஒன்றிலிருந்து தொடங்கினாள். போத்தலில் பெற்றோல் இறங்கிக்கொண்டிருந்தது. நானும் சேர்ந்து எண்ணினேன்.