அத்தைக்கு ஏது சிநேகிதி?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், ஒருத்தியைத் தவிர. பல வருஷம் முன்னால் நீ மேல்படிப்புப் பேச்செடுத்த அன்றைக்கு முன்னறையில் இருந்தது உன் அப்பா, உன் அண்ணன், மாடியில் குடியிருந்த தையல்கார அம்மா, நான், அப்புறம் நாற்காலி நிறைய உன் அத்தை. டாக்டர் படிப்பு முடித்து, பிரசவ வார்டிலும் மூன்று வருஷம் முடித்து வந்த நீ, இன்னும் படிக்கப் போகிறேன், பெண்களுக்கு வரும் புற்றுநோயை அறுத்தெடுக்கிற படிப்பு என்றாய். உடனே உன் அத்தை, "பிரசவம் பாத்தா வீடே சிரிக்கும், இவ போற வீடெல்லாம் அழும். அந்த இடத்துல புத்துநோய் பாக்கறான்னு வெளியில எப்பிடிச் சொல்றது?" என்றாள். உன் அப்பா பேப்பருக்குள் புகுந்துகொண்டார். நீ பாதி டீயோடு எழுந்து போனாய். ஆடை படிந்த அந்த டம்ளரைக் கழுவியது நான்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவள் நேராகச் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். யாரோ சிநேகிதியாம், மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆனவளாம், இப்போது திரும்பவும் ரத்தம் படுகிறதாம், உன்னிடம் கேட்கச் சொன்னாளாம். உனக்கு ஏதடி சிநேகிதி, உன் வாய்க்குப் பயந்து பால்காரனே பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டு ஓடுகிறான் என்றேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிறவள், அன்றைக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சிநேகிதி அவளேதான். மாதக்கணக்காக மறைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "அன்னைக்கு அப்பிடிப் பேசிட்டு இப்ப எந்த மூஞ்சிய அவகிட்ட காட்டறது அண்ணி?" என்கிறாள். அவள் பார்க்கப் போவது உன் மூஞ்சியை இல்லை என்றேன்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், சதையில் துளி எடுத்துச் சோதித்தார்கள். முந்தாநாள் முடிவு வந்தது. கருப்பையில் புற்றுநோய்தான், வெளியே பரவின மாதிரி தெரியவில்லை, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. வெளியே வந்து உன் அத்தை கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பெஞ்சில் இருந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் மக இதுக்குன்னே படிச்சவ, நாங்கதான் படிக்க வெச்சோம், அவ கைதான் என்மேல படணும்" என்று ஆரம்பித்துவிட்டாள். நாங்களாம்! கையில் இருந்த ஸ்கேன் உறையாலேயே ஒன்று வைத்திருப்பேன், நோயாளி என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை ரயிலில் கூட்டி வருகிறேன். கீழ்ப் படுக்கையை அவளுக்கு விட்டிருக்கிறேன், அதையும் மறக்க மாட்டேன். சொந்தக்காரிக்கு நீ கத்தி வைக்கக் கூடாது என்றால் உன் பெரிய டாக்டர் வைக்கட்டும், மயக்க மருந்து கொடுக்கும்போது உன் முகம் அவளுக்குத் தெரிகிற மாதிரி நில். பயத்தில் பல்செட்டைக் கழற்ற மறப்பாள், பார்த்துக்கொள். பழைய பேச்சை நீ எடுக்காதே, உனக்கு அது வரவும் வராது, அப்பா வழி. அதற்கு நான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பப்போகிற உன் அண்ணன் மகள், "எத்தனை வருஷமாச்சு, விடு பாட்டி" என்று சிரிக்கிறாள். விட்டுவிட்டால் அப்புறம் நான் யாரோடு மல்லுக்கு நிற்பது?

கை நடுங்காமல், நீண்ட ஆயுசோடு நன்றாக இரு மகளே. டீயை ஆறவிடாதே. அவளை நூறு வயசு வரைக்கும் தாங்குகிற மாதிரி தைத்து என்னிடம் திருப்பிக் கொடு. நான் மன்னிக்காமல் வைத்திருப்பது உன் அத்தை ஒருத்தியைத்தான், அவளும் போய்விடக் கூடாது.

ஆசிகளுடன்,
அம்மா