தண்டி வந்து போன செய்தி

காஜா பேராங், மலாக்கா,
20 அக்டோபர் 1957

அன்புத் தங்கை சிவகாமசுந்தரிக்கு, கடலுக்கு இப்பாலிருந்து அக்காளின் ஆசியும் முத்தமும்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் குறைந்ததா? டர்பனில் இப்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அவரை நடுப்பகலில் தோட்டத்தில் நிற்க விடாதே.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. பண்டார் ஹிலிர் திடலில் கால் வைக்க இடமில்லை. உன் அத்தான் குழந்தை விஜயாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "மெர்டேக்கா" என்று தொண்டை கட்டும் வரை கத்தினார். அவர் கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். குடிப்பதில்லை. கை ஓங்கியதில்லை. மளிகைக் கடையில் எது புதிதாக வந்தாலும் முதலில் மாடிக்கு, எனக்குத்தான் வரும். நான் கேட்டு அவர் மறுத்தது ஒன்றே ஒன்றுதான்.

தண்டியுடன் பாடப் போனேனா என்று கேட்டிருந்தாய். அவளை உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. டர்பனில், நம் கேட்டோ மேனர்ச் சந்தில் வளர்ந்தவள்; அவளும் நானும் சேர்ந்து பாடிய காலத்தில் நீ சிறுமி. அவள் அம்மா சூலு மொழியில் பாடும் தாலாட்டை அவள் எடுப்பாள். நம் அம்மாவின் ஆராரோவில் நான் பதில் சொல்வேன். கூடவே பியானோவும் சாக்ஸபோனும் சேர்ந்துகொள்ளும். அவளுடைய சூலு ஆட்களும் நம் தமிழ் ஆட்களும் ஒரே பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார்கள். நாற்பத்தொன்பது கலவரத்தில் அதே ஆட்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அப்பா பயந்துபோய் என்னைக் கண்காணாத மலாக்காவில் கட்டிக் கொடுத்தார். தண்டி லண்டன் போய், அந்தச் சூலுப் பாட்டுகளையே வெள்ளைக்காரர் வாத்தியத்தோடு பாடிப் பெயர் வாங்கினாள்.

அவள் சிங்கப்பூரில் ஒரு வாரம் பாட வருகிறாள், ஒரு நாளாவது என்னைப் பக்கத்தில் நிற்கச் சொல்கிறாள் என்று நீ எழுதியதும் அத்தானிடம் கேட்டேன். நீங்களும் கூட வாருங்கள் என்றேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "ஒங்கப்பா என்னா சொல்லிக் கட்டிக் குடுத்தாரு? எம்மக இனிமே பாடாதுன்னு சொன்னாரா இல்லியா? மேடையில நின்ன பொம்பளன்னு தெரிஞ்சா இந்தத் தெருவுல நான் எப்படி யாவாரம் பண்றது?" என்றார். இந்த வீட்டாருக்குப் பாட்டுப் பிடிக்காது என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆனாலும் கிளம்பினேன். கோயிலுக்கு என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, விஜயாவைக் கையில் பிடித்துக்கொண்டு, சிங்கப்பூர் வழியில் இருக்கும் மூவாருக்கு பஸ் ஏறினேன். மூவாரில் பாலம் இல்லை. எல்லா வண்டியும் பெர்ரியில் ஏறித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். வரிசை நீண்டு கிடந்தது. குழந்தை கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் சுருதி பார்த்துக்கொண்டிருந்தேன், சிவகாமி! அப்போது ஒரு டாக்சி வந்து நின்றது. பஸ் நிலையத்தில் எங்களைப் பார்த்த யாரோ கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அத்தான் சத்தம் போடவில்லை. விஜயாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ போறதுன்னா போ. நான் தடுக்கல. புள்ள எங்கூட வரட்டும்" என்றார். வண்டிகள் பெர்ரியில் ஏறத் தொடங்கின. அக்கரைக்குப் போய்விட்டுத் திரும்பினால் இந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காது என்பதை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டர்பனுக்கு வரலாமென்றால், இத்தனை வருஷம் வெளியே இருந்தவளை அந்த அரசாங்கம் உள்ளே விடாது என்று நீயே விசாரித்து எழுதிவிட்டாய். டாக்சியில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் விஜயா மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

நான் வரவில்லை என்றதும் தண்டியே வந்துவிட்டாள்.

மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழே கடையில், "கமலாக்கா இருக்காங்களா?" என்று ஒரு குரல். நம் சந்தில் பழகிய அதே தமிழ். இந்த ஊரில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தொப்பி போட்ட கறுப்பு அம்மா தமிழ் பேசுகிறாள் என்று தெருவே கூடிவிட்டது. அத்தான் நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்து, மரியாதையாகவே சொன்னார்: "அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க."

மாமியார் நெத்திலிக் கூடையை எடுத்துக்கொண்டு வந்து மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து தலை கிள்ள ஆரம்பித்தார்.

தண்டி போகவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள் என்று விஜயா பிறகு சொன்னாள். "அக்கா, எனக்கும் ஊரு இல்ல. பாஸ்போர்ட்டு முடிஞ்சிபோச்சி, புதுசு குடுக்க மாட்டேன்றாங்க. எங்கம்மாவ இனிமே எப்படிப் பாப்பேன்?" என்றாள். பிறகு அந்தத் தாலாட்டை எடுத்தாள். குரல் தடித்திருக்கிறது. முன்பு இல்லாத ஒரு கனம் வந்திருக்கிறது. முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்தினாள். நான் பதில் சொல்லவேண்டிய இடம் அது.

இரண்டு படி இறங்கினேன். மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலை இன்னும் கொஞ்சம் அகட்டி உட்கார்ந்துகொண்டார். கடை மேசை மேல், அத்தானின் கைவளைவுக்குள் விஜயா இருந்தாள். மூவார் துறை கண்ணுக்குள் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது விஜயா பாடினாள். நான் அவள் காதோரம் முணுமுணுத்துத் தூங்கவைத்த ஆராரோவை, சரியான இடத்தில் எடுத்து, ஒரு அட்சரம் தப்பாமல் முடித்தாள். தெருவில் யாரோ கை தட்டினார்கள். தண்டி குனிந்து விஜயாவின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு, "ஒங்கம்மா நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் கேட்டேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

 மறுநாள் அத்தான் சாப்பிட உட்காரும்போது, "புள்ளைக்கு இனிமே தாலாட்டு வேணாம். பெரிசாயிட்டா" என்றார். அவ்வளவுதான். ஆனால் குளிக்கும்போது விஜயா தன்னை மறந்து பாடுகிறாள். கீழே கேட்டுவிடாமல் இருக்க நான் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அங்கேயே நிற்கிறேன். என் மகள் பாட்டை என் கையாலேயே மூடுகிறேன்.

இப்போதெல்லாம் கடிதங்களை அத்தான் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருகிறார். இதைப் பக்கத்து வீட்டுச் சுல்தானா தபாலில் போடுகிறாள். பதிலில் இதைப் பற்றி எழுதாதே. தண்டியின் அம்மாவைப் போய்ப் பார். மகள் நன்றாக இருக்கிறாள், குரல் நன்றாக இருக்கிறது என்று சொல். மீதியைச் சொல்ல உனக்கு மனசு வந்தால் சொல்.

உனக்கு மொரீஷியஸ் வரன் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். நல்ல குடும்பமாகவே இருக்கட்டும். பெண் பார்க்க வருகிறவர்கள், பெண் பாடுமா என்று கேட்டால், அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால், "பாடுவேன், பாடிக்கொண்டே இருப்பேன்" என்று நீயே சொல்லிவிடு. சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார். என் கண்ணே, உன்னிடம் இந்த ஒன்றைத்தான் கேட்கிறேன்.

அப்பாவிடம் நான் சுகமென்று சொல்.

நீ இருக்கும் வீட்டில் உன் குரல் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உன் அக்காள்,
கமலவேணி