சொந்தத்துக்குள்

வெள்ளவத்தை
12.03.1997

அன்புத் தங்கை ஜெகாவுக்கு,

ஐந்து வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். என் கலியாணத்துக்கு நீ வராத கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் நோயெதிர்ப்பு அணுக்களை ஆராய்கிறவள் நீதானே, வேறு யாரைக் கேட்பேன்?

மகன் ஆதவனுக்குப் பதினான்கு மாதம். மூன்றாவது முறையாக நியூமோனியா. "அணுக்கள் இருக்கு, வேலை செய்யுதில்லை" என்கிறார் டொக்டர். "இடப்பெயர்வில வயித்துப்பிள்ளையோட மழைக்குள்ள ஓடினனீ, அதுதான்" என்கிறார் மாமி. வீட்டுப் பதிவுக்கு வந்த பொலிஸ்காரர்கூட அவனைப் பார்த்து, சிங்களத்தில் "அனே, பவ்", ஐயோ பாவம், என்று இரங்கிவிட்டுப் போனார்.

நான்தான் அவனைக் கெடுத்தேனா? என்னுடைய, அத்தானுடைய, பிள்ளையுடைய இரத்த மாதிரிகளை, லண்டன் திரும்பும் சண்முகலிங்கம் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன், சோதித்துப் பார். உண்மையை எழுது.

அக்கா சரோஜினி

லண்டன்
20.04.1997

அன்புள்ள அக்கா,

மழையும் இல்லை, ஓட்டமும் இல்லை. மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கிருமியை அடையாளம் காட்டும் மரபணுக்கள் ஆதவனிடம் நன்றாகவே இருக்கின்றன. அணு வளரும்போது அவற்றை முடுக்கிவிடும் ஒரு புரதம்தான் பழுது. பல்ப் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, சுவிட்ச் இல்லை. அப்பப்பா வழியாக அந்தப் பழுதில் பாதி உங்களிடமும் பாதி அத்தானிடமும் வந்து, பிள்ளையிடம் சேர்ந்துவிட்டது. யாருடைய குற்றமும் இல்லை.

பொருந்துகிற ஒருவரின் எலும்பு மஜ்ஜை கிடைத்தால் பிழைப்பான். உங்கள் இருவருடையதும் அரைவாசிதான் பொருந்துகிறது.

ஜெகா

வெள்ளவத்தை
09.05.1997

ஜெகா,

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். சொந்தத்துக்குள் கட்டியதால் வந்தது. "மச்சானைக் கட்டாதேங்கோ" என்று நீ அன்று கத்தினாய். "உனக்குப் பொறாமை" என்றேன். ஒரு வரி சொல்லிக் காட்டியிருக்கலாம், நீ செய்யவில்லை. அதை நினைத்துத்தான் அழுதேன்.

பிள்ளை மெலிந்துபோனான். இன்று முதன்முதலாக "தா" என்றான். எதைக் கேட்டான் என்று தெரியவில்லை.

அக்கா

லண்டன்
02.06.1997

அக்கா,

என் மஜ்ஜை ஆதவனுக்குப் பொருந்துகிறது. நம்பாமல் மூன்று முறை பரிசோதித்தேன். சித்தியுடையது இப்படிப் பொருந்துவது அரிது. நீங்களும் அத்தானும் ஒரே குடும்பம் என்பதால், அத்தானிடமிருந்து அவனுக்கு வந்த பாதியும் என்னிடம் இருக்கிறது; அதனால்தான் பொருந்தியிருக்கிறது. நான் எதற்காகச் சண்டை பிடித்தேனோ, அதுவே எனக்கு வழி விட்டிருக்கிறது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஜூலை இருபதாம் திகதி இடம் கேட்டிருக்கிறேன். பிள்ளையோடு வாருங்கள். அங்கே எனக்குப் புட்டு அவித்துத் தர வேண்டும், மிச்சச் சண்டையைச் சாப்பிட்டுக்கொண்டே பிடிப்போம்.

கலியாணத்துக்கு வராதவள் இதற்கு வருகிறேன். ஆதவனிடம் சொல்லுங்கள், அவன் "தா" என்று கேட்டது சித்திக்குக் கேட்டதாம்.

உங்கள் ஜெகா